ஞாயிறு இரவு எட்டு மணி: வாடகைக் கார் கிளையின் நம்பிக்கைகளும் உண்மைகளும்

செல்ஃப் டிரைவ் கார் எடுத்து ஊட்டிக்கோ மூணாறுக்கோ போய் வந்தவர்களுக்கு அந்தக் கிளை நினைவிருக்கும். ஒரு மேஜை, சாவிகள் தொங்கும் பலகை, பின்னால் வாட்டர் வாஷ் ஷெட், வாசலில் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்தோடு நிற்கும் நாலைந்து வண்டிகள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ பெரும்பாலும் முப்பது வயது தாண்டியிருக்காது. முன்னாலிருந்து கஸ்டமர் கத்துவார், போனில் மேனேஜர் கத்துவார், வாட்ஸப் குழுவில் ஹெட் ஆபீஸ் கேள்விக்குறிகளாகப் போட்டுத் தள்ளும்.

இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே சீனியர்கள் சில பாடங்களைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவற்றில் பாதி, இருக்கிற டென்ஷனைக் கூட்டுகிறவை. கிளையில் வெடிக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை வண்டி திரும்பி வரும்போது பிறப்பதில்லை, சாவி கொடுக்கும்போதே பிறந்துவிடுகின்றன என்பது என் கட்சி.

"டென்ஷனுக்குக் காரணமே கஸ்டமருங்கதான்"

ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கோவையில் ஏதாவது ஒரு கிளையில் போய் நின்று பாருங்கள். வாரக் கடைசிக்குப் போன வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து சேரும். ஒரு ஸ்விஃப்ட்டின் முன் பம்பரில், இடது மூலையில், விரல் நீளத்துக்கு ஒரு கீறல். பையன் மொபைல் டார்ச்சை அடித்துக் காட்டுகிறான்.

"தம்பி, இது நான் எடுக்கும்போதே இருந்துச்சு."

"இல்லீங்க சார், வண்டி குடுக்கறப்ப இல்லீங்க."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

பின் சீட்டில் குழந்தை தூங்குகிறது. பின்னால் இன்னும் இரண்டு பேர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் பேச்சு கீறலிலிருந்து டெபாசிட்டுக்கும், டெபாசிட்டிலிருந்து மரியாதைக்கும் தாவிவிடும்.

இதில் இருவருமே பொய் சொல்லாமல் இருக்க வாய்ப்புண்டு. வெள்ளிக்கிழமை இரவு அவசரத்தில் வண்டி கைமாறியபோது அந்த மூலையை யாருமே பார்க்கவில்லை. இப்போது அவரவர் ஞாபகம் அவரவருக்குச் சாட்சி.

இதற்கு மருந்து, டெலிவரியின்போது வண்டியைக் கஸ்டமரின் போனிலேயே வீடியோ எடுக்கச் சொல்வது. நாம் எடுத்தால் அது கம்பெனி ஆதாரம். அவர் எடுத்தால் அவருக்கும் அதன் மேல் நம்பிக்கை இருக்கும். ஓட்டுநர் கதவில் தொடங்கி ஒரு முழுச் சுற்று. நாலு சக்கரத்தின் ரிம். முன் கண்ணாடியில் கல் பட்ட புள்ளி இருக்கிறதா என்று ஒரு பார்வை. பம்பரின் அடிப்பக்கத்தைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஸ்பீடு பிரேக்கரிலும் பார்க்கிங் கல்லிலும் உரசுவது அங்கேதான், யாரும் குனியாததும் அங்கேதான். ஸ்டெப்னி, ஜாக்கி. கடைசியில் ஓடோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் ஒரே படத்தில். இன்னொன்று: ஈர வண்டியில் கீறல் தெரியாது. வாஷ் முடிந்த கையோடு தண்ணீர் சொட்டச் சொட்ட வண்டியைக் கொடுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்கு முன்பதிவு செய்கிறார்கள்.

அடுத்தது, எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்பது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பது உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. கூடலூர் வழியாக மைசூர் போனால் பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடிக் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். இது 2009இலிருந்து இருக்கிற தடை. சாவி கொடுக்கும்போது இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லாமல் விட்டால் இரவு ஒன்பதே காலுக்குக் கூடலூர் தாண்டி நின்றுகொண்டு ஒரு குடும்பமே போனில் திட்டும். திட்டுவதில் பாதி நியாயமும் இருக்கும்.

டெபாசிட்டும் இப்படித்தான். வேகக் கேமராவில் சிக்கினால் இ-சலான் வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர்களின் எண்ணுக்குத்தான் வரும்; அதுவும் உடனே வருமென்று சொல்ல முடியாது. அதனால்தான் கம்பெனிகள் டெபாசிட்டைச் சில நாட்கள் பிடித்துவைக்கின்றன. இந்தக் காரணத்தையும், பணம் திரும்பும் தேதியையும் முதல் நாளே மெசேஜில் அனுப்பிவிட்டால் "எப்பப்பா வரும்" என்ற போன் குறைந்துவிடும். காத்திருப்பதைவிட, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் மனிதரைப் படுத்துகிறது. டேவிட் மெய்ஸ்டர் 1985இல் வரிசைகளின் உளவியல் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் நீளமாகத்தான் தெரியும் என்பது அவர் பட்டியலில் இன்னொன்று.

பதிவு சரியில்லை என்றால் பிரச்சினை கீறலோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் நிறுவனம், வாடகைக்கு எடுத்தவர்களையே வண்டித் திருடர்கள் என்று போலீசில் தவறாகப் புகார் கொடுத்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்குகளில், 2022 டிசம்பரில் 364 பேரின் கோரிக்கைகளை முடிக்க ஏறத்தாழ 168 மில்லியன் டாலர் தர ஒத்துக்கொண்டது. வாடகையை நீட்டித்தும் பணம் கட்டியும் இருந்தோம் என்று சொன்னவர்கள் அதில் உண்டு. கைது செய்யப்பட்டவர்களும் உண்டு. நம் ஊர்க் கிளையில் "சார் போன்ல எக்ஸ்டென்ட் பண்ணிட்டாரு, அப்புறமா சிஸ்டத்துல ஏத்திக்கலாம்" என்று விடும்போது இதை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது.

"கோபத்தைக் கொட்டிட்டா மனசு லேசாயிடும்"

கஸ்டமர் போனதும் பின்பக்க ஷெட்டுக்கு வந்து அவரைக் கிழிகிழியென்று கிழிப்பது கிளைகளின் தினசரிச் சடங்கு. டீ வேறு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இது உதவுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பிரிவினர் தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் மிஞ்சியது. 2024இல் அவரும் சக ஆய்வாளரும் 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, சேர்த்துப் பார்த்தபோதும் முடிவு அதே பக்கம்தான். உடலைச் சூடேற்றும் வேலைகள் கோபத்தைத் தணிப்பதில்லை. மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்துவது, தியானம் மாதிரி படபடப்பை இறக்குகிறவை தணிக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை இரவில் யாரப்பா தியானம் செய்வது என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அடுத்த வண்டியைச் செக் செய்வதற்கு முன் முகம் கழுவிவிட்டு, யாரிடமும் பேசாமல் ஒரு நிமிடம் மூச்சை மெதுவாக விட்டு நிற்க முடியும். நடந்ததைச் சகாவிடம் சொல்லவே கூடாது என்றும் இல்லை. "அவர் சொன்னதுல எது நம்ம தப்பு, எது இல்லை" என்று பேசினால் அது வேலை. அவரைப் போலவே மிமிக்ரி செய்து மறுபடி மறுபடி ஓட்டிக்காட்டினால், சண்டையை இன்னும் நாலு தடவை போட்டதுதான் மிச்சம்.

"சிரிச்ச முகமா இருந்தாப் போதும்"

பயிற்சி வகுப்புகளுக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது. எனக்குப் பிடிக்காத வாக்கியமும் இதுதான்.

சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் எழுதிய ஒரு நூலில் இரண்டு தொழில்களை எடுத்துக்கொண்டார்: டெல்டா ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள், கடன் வசூலிப்பவர்கள். ஒருவருக்குச் சிரிப்பு சம்பளத்தில் அடக்கம், இன்னொருவருக்குக் கடுகடுப்பு. இரண்டையும் உணர்ச்சி உழைப்பு என்றார். வாடகைக் கார் கிளையில் இரண்டும் ஒரே ஆள் தலையில். வெள்ளி மாலை சாவி கொடுக்கும்போது பணிப்பெண்ணின் சிரிப்பு, ஞாயிறு இரவு கீறலுக்குப் பணம் கேட்கும்போது வசூல்காரரின் குரல். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வெறும் முகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு நாள் முழுக்க இருப்பது ஆளை உலர்த்திவிடும் என்பதைப் பிறகு வந்த ஆய்வுகளும் காட்டுகின்றன.

உண்மையில் உதவுவது முகம் இல்லை, அதிகாரம். 85 ரூபாய் டோல் தகராறு ஒன்றை நினைத்துப் பாருங்கள். பாஸ்டாக்கில் இரண்டு தடவை பிடித்துவிட்டது என்கிறார் கஸ்டமர். பையனுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் விட்டுக்கொடுக்க மேனேஜர் ஓகே சொல்ல வேண்டும், மேனேஜர் போன் பிஸி. அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். ராபர்ட் கராசெக் 1979இல் ஸ்வீடன், அமெரிக்கத் தொழிலாளர் விவரங்களை வைத்துச் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்: வேலைப் பளு மட்டும் ஆளை நோகடிப்பதில்லை, பளு அதிகமாகவும், முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் பாதிப்பு அதிகம். கவுண்டரில் இருப்பவர் யாரையும் கேட்காமல் ஐந்நூறு ரூபாய் வரை தள்ளுபடி தரலாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

"ஒரு வண்டிகூட சும்மா நிக்கக் கூடாது"

கணக்குப் புத்தகத்துக்கு இது இனிக்கும், யார்டில் கசக்கும். ஒரு வாஷ் மேடை, ஒரு ஆள், எப்போது வருமென்று தெரியாத வண்டிகள். 1909இல் டென்மார்க்கின் எர்லாங் தொலைபேசி அழைப்புகளுக்காகத் தொடங்கிவைத்த வரிசைக் கணிதத்தின் எளிய வடிவம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அந்த ஆள் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையாக இருந்தால் ஒரு வண்டி சராசரியாக நான்கு வாஷ் நேரம் காத்திருக்க வேண்டும். 95 சதவீதம் என்றால் பத்தொன்பது. ஏறிய பளு கொஞ்சம்தான், காத்திருப்பு எங்கேயோ போய்விடுகிறது. நிஜக் கிளை இந்தச் சூத்திரத்துக்கு அச்சாகப் பொருந்தாது, ஆனால் போக்கு இதுதான். ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டியை ஆறரைக்கு இன்னொருவருக்கு புக் செய்து வைத்தால், பாலக்காட்டு டிராஃபிக் ஒன்று போதும், அன்றைக்கு இரவு முழுக்க மன்னிப்புக் கேட்டே ஓடும். நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். ஒரு வண்டியைக் கையிருப்பாக வையுங்கள்.

வண்டி பற்றாத நாளில் தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கிற பழக்கமும் சில இடங்களில் உண்டு. பர்மிட் இல்லாமல் வாடகைக்கு விட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். செல்ஃப் டிரைவ் தொழிலுக்கென்று 1989ஆம் ஆண்டுத் திட்டம் ஒன்று இருப்பதும், உரிமம் வாங்கக் குறைந்தது 50 வண்டிகள் வேண்டும் என்று அது கேட்பதும் சும்மா இல்லை.

"கஸ்டமர் சொல்றதுதான் சரி"

"லைசென்ஸ் என்னோடது, ஓட்டப்போறது மச்சான். அவனுக்கு எல்.எல்.ஆர். இருக்கு" என்பவரிடமும் சரியா? உரிமம் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால், உரிமையாளரோ வண்டிக்குப் பொறுப்பானவரோ 5000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ அனுபவிக்க வேண்டிவரும், மோட்டார் வாகனச் சட்டம் 180ஆம் பிரிவு. மேஜைக்கு மேலே அந்தப் பிரிவைப் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டால், முடியாது என்று சொல்லும் வேலையைச் சுவர் பார்த்துக்கொள்ளும்.

"டென்ஷன் இருந்தாத்தான் வேலை ஓடும்"

இதற்கு ஆதாரமாகப் பயிற்சியாளர்கள் வரையும் மலை வடிவப் படம், யெர்க்ஸும் டாட்சனும் 1908இல் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் செய்த சோதனையிலிருந்து வளர்ந்தது. அதிலும் வேலை கடினமாக இருந்தபோது, அதிர்ச்சி ஓர் அளவைத் தாண்டியதும் எலிகள் திணறின. மேலே பேச எதுவும் இல்லை.

"டார்கெட் அடிக்கிறவன்தான் மேலே வருவான்"

கூடுதல் பாதுகாப்புத் திட்டம், குழந்தை சீட், கூடுதல் கிலோமீட்டர் என்று கவுண்டரில் விற்றுத் தள்ளுகிறவருக்கு அந்த மாதம் கைதட்டல் நிச்சயம். மேலே வருவாரா என்பது கம்பெனியைப் பொறுத்தது. 1957இல் செயின்ட் லூயிஸில் ஜாக் டெய்லர் ஏழு கார்களோடு தொடங்கி, அமெரிக்காவின் மிகப் பெரிய வாடகைக் கார் நிறுவனமாக வளர்ந்த என்டர்பிரைஸ் தொண்ணூறுகளில் வேறு கணக்குக்குப் போனது. வண்டி எடுத்தவர்களைக் கூப்பிட்டுத் திருப்தியா என்று கேட்பார்கள். முழுத் திருப்தி என்று சொன்னவர்களை மட்டுமே எண்ணுவார்கள். "பரவாயில்லை" என்பவர் கணக்கில் சேரமாட்டார். கம்பெனிச் சராசரிக்குக் கீழே இருக்கும் கிளையின் மேனேஜருக்கு, லாபம் எவ்வளவு காட்டினாலும், பதவி உயர்வு கிடையாது. இந்த முறைக்கும் குறை உண்டு. "அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க சார், வேலை போயிடும்" என்று கெஞ்ச வைப்பதும் இதே எண்தான், அதை நாம் தினமும் பார்க்கிறோம். என்றாலும், டார்கெட்டுக்காகத் தேவையில்லாததைத் தலையில் கட்டியவர் ஞாயிற்றுக்கிழமை பில்லைப் பார்த்துவிட்டு வரும் கஸ்டமரையும் தானே சந்திக்க வேண்டியிருக்கும், அல்லது அன்றைக்கு லீவு எடுக்க வேண்டியிருக்கும்.

"ராத்திரி போன் எடுக்காதவன் உருப்படமாட்டான்"

பிரேக்டவுன் போன் இரவில் வரத்தான் செய்யும். கல்லாறு வளைவில் கிளட்ச் தேய்ந்து நிற்பவரை விட்டுவிட முடியாது. ஆனால் எல்லாரும் எல்லா இரவும் காதைத் தீட்டிக்கொண்டு படுக்கத் தேவையில்லை. இரவு அழைப்புக்கு ஒரே எண், வாரம் ஒருவர் கையில். அது யார் என்பது வியாழக்கிழமையே பலகையில் எழுதப்பட்டிருக்கும். இழுவை வண்டிக்காரர், பஞ்சர் கடை, மேட்டுப்பாளையத்திலும் பொள்ளாச்சியிலும் இருக்கும் மெக்கானிக்குகளின் எண்கள் அந்தப் போனிலேயே இருக்கும். போன் வைத்திருந்தவருக்குத் திங்கள்கிழமை காலை டெலிவரி கிடையாது, பதினொரு மணிக்கு வந்தால் போதும்.