மெல்ல மெல்லுதல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், தேனி மாவட்டத்தில் விரிந்து கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. பெரியாற்று அணையின் நீர் 1895 ஆம் ஆண்டு முதல் இம்மண்ணை வளப்படுத்தி வருகிறது. கூடலூர் முதல் சின்னமனூர் வரை நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் கண்ணுக்கு விருந்தாகும்.

அங்கு ஓர் இல்லத்தில், அந்திப் பொழுதில், அவித்த மொச்சையை நடுவில் வைத்து வீட்டார் கூடியிருந்து உண்கின்றனர். சிறுவர் நொடிப்பொழுதில் தின்று எழுந்துவிடுகின்றனர். பாட்டியோ முதற்கைப்பிடியையே மென்றுகொண்டிருக்கிறார். “இன்னுமா முடியவில்லை, பாட்டி?” என்று பேரன் நகைக்கிறான். அந்நகைப்பு அறியாமையின் விளைவாகும்.

மெல்லுதற்குரிய முதன்மைத் தசைகள் 4 இணையாம். தாடையின் பின்மூலையில் விரலை வைத்துப் பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள். அங்கே திரண்டெழுவது கன்னத்தசை. நெற்றிப்பொட்டில் அசைவது பொட்டுத்தசை. ஏனைய இரண்டும் தாடையின் உட்புறத்தே மறைந்துள்ளன. மூளையினின்று புறப்படும் 12 இணை நரம்புகளுள் 5 ஆம் இணை இவற்றை இயக்குகிறது.

ஆண்டு முதிர முதிரக் கைகால்களின் தசைகள் மெலிதல் போல இவையும் மெலிகின்றன. உடலின் உட்புறத்தைக் காட்டும் படங்களைக் கொண்டு ஆராய்ந்த அறிஞர், முதியோரின் கன்னத்தசை சுருங்கியிருத்தலையும், பல்லிழந்தோரிடத்து அச்சுருக்கம் மிகுந்திருத்தலையும் கண்டனர். ஆயினும், தசையில் எழும் நுண்ணிய மின்னோட்டத்தை அளந்தபோது வியத்தகு உண்மை ஒன்று புலப்பட்டது. பல் நலமுள்ள முதியோர், உணவின் கடினத்திற்கேற்பத் தசையை இயக்கும் திறனை இழப்பதில்லை. ஆனால், ஒரு கவளத்தை விழுங்குமுன் இளையோரினும் பன்முறை மெல்லுகின்றனர். குறைந்த வலிமையை எண்ணிக்கையால் ஈடுசெய்கின்றனர். ஆற்றில் நீர் குறைந்த நாளில் உழவன் மடையை நெடுநேரம் திறந்து வைத்து வயலை நனைப்பது போன்றது இது. மடையை இடையில் அடைத்துவிட்டால் கடைவயல் காயுமன்றோ?

பிறர் எழுந்துவிட்டனரே என்று நாணி, பாட்டியும் எழுந்தால் அரைவயிறே நிரம்பும். விரைந்து விழுங்கினாலோ புரையேறும். மூச்சுக்குழல் அடைபடவும் கூடும். இவற்றிற்கு அஞ்சி நாள்தோறும் கஞ்சியையே குடித்தால், பயறும் பருப்பும் தரும் புரதம் குறையும்; வேலையற்ற தசை மேலும் மெலியும். 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை முதியோர் வாய்க்கு எளிதே. ஆயினும் பழம் மட்டும் உடலைத் தாங்காது.

ஆதலின், மொச்சையைக் குழைய வேகவைத்தலும், கடலையை இடித்துத் தருதலும், பல்லிழந்தோர்க்கு மருத்துவரைக் கொண்டு பொருத்தமான செயற்கைப்பல் அமைத்தலும் வீட்டாரின் கடமையாகும். இளையோர் செய்யத்தக்க உதவி இவற்றினும் எளிது. முதியோர் உண்டு முடியும்வரை உடனிருத்தலே அது.

தமிழில் ‘மெல்ல’ என்னும் சொல், பல்லால் அரைக்க என்றும் விரையாமல் என்றும் இரு பொருள் தரும். முதியோரின் உணவில் அவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. நாளை அந்தியில் அப்பேரன் எழாமல் அருகிருப்பானாயின், பாட்டியின் கிண்ணமும் ஒழியும். அவர் உள்ளமும் நிறையும்.