வேண்டலும் நிபந்தனையும்: இரு மொழி ஒப்பீடு

ஒருவரிடம் ஒன்றை வேண்டும்போது, வேண்டப்படும் பொருளைப் போலவே வேண்டும் முறையும் கருதத்தக்கது. பணிவை உணர்த்த ஒவ்வொரு மொழியும் தனக்குரிய வழிகளைக் கொண்டுள்ளது. ஒரு மொழியின் வழியைச் சொல்லுக்குச் சொல் மற்றொரு மொழிக்குக் கொண்டுசென்றால் பொருள் திரியும். ஆங்கிலத் துணைவினைகளைத் தமிழோடு ஒப்பிட்டு இதனை அறிவோம்.

வேண்டல்

தமிழில் 'வா' என்னும் ஏவல், 'வாருங்கள்' என விகுதி பெற்று மரியாதையை உணர்த்துகிறது. வியங்கோள் வினைமுற்று வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வரும். விண்ணப்பங்களில் 'வழங்குமாறு வேண்டுகிறேன்' என எழுதுகிறோம். பேச்சில் 'உதவ முடியுமா?' என வினாவாகக் கேட்கிறோம்.

ஆங்கிலமும் வினாவையே நாடுகிறது. எனினும் அங்குத் துணைவினையின் வடிவம் மாறுகிறது. 'வில்', 'கேன்' என்பவை 'வுட்', 'குட்' என இறந்தகால வடிவம் பெறும்போது பணிவு மிகுகிறது. 'குட் யூ ஹெல்ப் மீ?' என்பதன் பொருள் 'எனக்கு உதவ முடியுமா?' என்பதே, 'உதவ முடிந்ததா?' என்பதன்று. இங்கு இறந்தகால வடிவம் காலத்தைச் சுட்டாமல், கேட்பவரை வற்புறுத்தாத தயக்கத்தைச் சுட்டுகிறது.

'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த டோர்?' என்னும் வேண்டல் தனிக் கவனத்திற்குரியது. 'கதவைத் திறப்பதில் தங்களுக்குத் தடை உண்டோ?' என்பது அதன் சொற்பொருள். எனவே 'நோ' என்பது இசைவு. 'யெஸ்' என்பது மறுப்பு. 'கதவைத் திறக்கிறீர்களா?' எனத் தமிழில் எண்ணிக்கொண்டு 'யெஸ்' என விடையளிப்பவர், உதவ விரும்பியும் மறுத்தவராகிறார்.

நிபந்தனை

'மழை பெய்தால் ஆட்டம் நிற்கும்' என்பதில் 'பெய்தால்' என்பது நிபந்தனையை உணர்த்தும் வினையெச்சம். அதில் தகர இடைநிலை இருப்பினும் நிகழவிருப்பதையே அது குறிக்கிறது. இதனைப் 'பெய்யின்' எனச் 'செயின்' என்னும் வாய்பாட்டிலும் கூறலாம். ஆங்கிலத்தில் 'இஃப் இட் ரெயின்ஸ், த மேட்ச் வில் ஸ்டாப்' என வரும். மழை வருங்காலத்தது எனக் கருதி, 'இஃப்' தொடரில் 'வில்' சேர்ப்பது பிழையாகும்.

நிகழாததைக் கூறத் தமிழ் 'இரு' என்னும் துணைவினையைப் பயன்படுத்துகிறது: 'விடை தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.' இத்தொடர் இன்று தெரியாததையும் அன்று தெரியாததையும் குறிக்கக்கூடும். ஆங்கிலமோ இரண்டையும் பிரித்துரைக்கிறது.

இன்று தெரியாதபோது: 'இஃப் ஐ நியூ, ஐ வுட் டெல் யூ.'
அன்று தெரியாதபோது: 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் டோல்ட் யூ.'

ஆகவே, மொழிபெயர்ப்போர் தொடர் எழுந்த சூழலை அறிந்த பின்னரே வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். சொல்லைப் பெயர்ப்பதினும் சொல்பவரின் கருத்தைப் பெயர்ப்பதே மொழிபெயர்ப்பு.

கற்பவை கற்றபின்

1. நூலகரிடம் நூல் ஒன்றை வேண்டும் தொடரை ஏவல், வியங்கோள், வினா ஆகிய மூவகையிலும் எழுதுக.
2. 'நேரம் இருந்திருந்தால் வந்திருப்பேன்' என்னும் தொடர் பொருந்தும் இருவேறு சூழல்களை எழுதி, ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் பெயர்க்க.