மலைச்சரிவில் வேலை பழகு

அன்பு மருமகளுக்கு,

கட்டார் வேலைக்கு எழுதிப்போடட்டுமா, இங்கேயே நின்று பட்டயப் பொறியியலாளர் ஆகட்டுமா என்று கேட்டிருந்தாய். பட்டயத்தை எடுத்துவிட்டுப் போ, பிள்ளை. தொழில் பழகக் கண்டியைப் போல் ஓர் இடம் உனக்கு வேறெங்கும் வாய்க்காது.

2020 செப்டெம்பரில் கண்டிப் பூவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து ஒரு கைக்குழந்தையும் தாய் தகப்பனும் போனார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மழைக்கு மலைகள் இறங்கியதை நீயே கண்டாய். மண்ணிடுக்கில் நீர் நிறைந்து அழுத்தம் ஏறினால் மண்ணின் பிடி தளரும் என்று பரீட்சையில் எழுதியிருப்பாய். சைட்டில் அதை நேரில் பார்க்கலாம். தாங்குசுவரில் நீர் வடியும் குழாய்களைக் கவனி. சில இடங்களில் சாந்து விழுந்து அவை அடைபட்டிருக்கும். சுவருக்குப் பின்னால் சல்லி போட வேண்டிய இடத்தில் வெட்டிய களிமண்ணையே திரும்பக் கொட்டியிருப்பார்கள். பெருமழை விட்டதும் போய்ப் பார். குழாய் காய்ந்து கிடந்தால் சுவருக்குப் பின்னால் நீர் தேங்குகிறதோ என்று சந்தேகப்படு. வேலையை நிறுத்தச் சொல்லும் துணிவு உனக்கு அங்கேதான் வர வேண்டும்.

அன்றன்று கண்டதையும் முடிவெடுத்ததையும் அன்றிரவே எழுதி வை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் நேர்முகத்தில், நீ எதைத் தீர்மானித்தாய், ஏன் தீர்மானித்தாய் என்றுதான் துருவுவார்கள். "நாங்கள் கட்டினோம்" என்ற பதில் அங்கே எடுபடாது. கண்ணால் பார்க்காத கம்பிக்கட்டுக்கு, யார் அவசரப்படுத்தினாலும் கையெழுத்து வைக்காதே. 2017ஆம் ஆண்டுப் பொறியியல் பேரவைச் சட்டத்தின்படி பதிவு செய்யவும் மறக்காதே.

வெளிநாடு போவதை நான் குறையாக நினைக்கவில்லை. பேராசிரியர் துரைராஜா கேம்பிரிட்ஜுக்குப் போய் மண் விசையியலில் ஆய்வு செய்தவர். களிமண் எப்படி நெகிழ்கிறது என்று ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவருடனும் அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை உலகமெங்கும் பேசப்படுகிறது. அப்படிப்பட்டவர் திரும்பி வந்து பேராதனையில் கற்பித்தார், பொறியியற் பீடாதிபதியானார், பின்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்து 1994இல் மறைந்தார். நீ படித்த பீடம் அவரைப் போன்றவர்கள் வளர்த்தது.

உன் சைட்டுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த மண்சரிவு அறிக்கையை இந்தக் கிழமையே கேட்டு வாங்கி, நிபந்தனைகளை ஒன்று விடாமல் வாசி. அவற்றில் எவை சைட்டில் நடக்கவில்லை என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா