கோப்பின் தேதியை எவ்வளவு நம்பலாம்?

சொந்தக்காரர்களின் பழைய பென் டிரைவ், மெமரி கார்டுகளை ஒழுங்குபடுத்தித் தருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "உருவாக்கியது 2023, திருத்தியது 2014னு காட்டுதே, பிறக்கும் முன்னாடியே எப்படித் திருத்தினாங்க?"

விண்டோஸைப் பொறுத்தவரை இது பிழையே இல்லை. காப்பி செய்தால் அந்த இடத்தில் ஒரு புதுக் கோப்பு உருவாகிறது. உருவாக்கிய தேதி அன்றைக்கு. உள்ளடக்கத்தை யாரும் தொடவில்லை, ஆகவே திருத்திய தேதி பழையது. கோப்பின் வயதை அறிய நான் திருத்திய தேதியைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் இரண்டும் மாறாது. இன்னொரு விசித்திரமும் உண்டு: ஒரு கோப்பை அழித்து, 15 விநாடிக்குள் அதே ஃபோல்டரில் அதே பெயரில் வேறொன்றை வைத்தால், அழிந்ததன் உருவாக்கிய தேதி புதியதற்கு வந்துவிடும்.

நேரம் குழம்புவதுதான் பெரிய தலைவலி. கணினியின் என்டிஎஃப்எஸ் டிரைவ், 1601 ஜனவரி 1 முதல் எண்ணி, உலகப் பொது நேரத்தில் குறிக்கிறது. கார்டுகளில் இருக்கும் ஃபேட்32 அப்படியல்ல. கேமராக் கடிகாரம் காட்டியதை அப்படியே எழுதும், எந்த ஊர் நேரம் என்று எழுதாது; திருத்திய நேரமும் 2 விநாடிக் கணக்கில்தான். சென்னையில் 10 மணிக்குத் தாலி கட்டிய வீடியோவை அண்ணன் சிங்கப்பூரில் லேப்டாப்புக்கு மாற்றினார். கணினி அதைச் சிங்கப்பூர் 10 மணி என்று எடுத்துக்கொண்டது. லேப்டாப் ஊருக்கு வந்து, கடிகாரம் இந்திய நேரத்துக்கு மாறியதும் முகூர்த்தம் 7.30 ஆகிவிட்டது!

புகைப்படம் என்றால் கோப்பின் தேதியை விட்டுவிட்டு, படத்துக்குள்ளேயே கேமரா பதிந்த எக்ஸிஃப் தேதியைப் பார்க்கிறேன். காப்பி செய்தாலும் அது மாறாது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அழிந்துவிடும். அதனால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்வேன். கேமராக் கடிகாரமே தப்பாக இருந்தால் எக்ஸிஃபும் தப்புதான். தேதி தெரிந்த ஒரு பிறந்தநாள் படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகல் என்று பார்த்துக்கொள்வேன்.

"ஃபைல் தேதியைப் பாருங்க, அன்னைக்கே முடிச்சுட்டேன்" என்று யாராவது சாதித்தால் நான் அசைவதில்லை. லினக்ஸில் 'டச்' கட்டளை, விண்டோஸில் பவர்ஷெல்லின் ஒரு வரி போதும், எந்தத் தேதியையும் எழுதிவிடலாம். ஆனால் என்டிஎஃப்எஸ், கோப்பின் பெயரோடு இன்னொரு தொகுதி நேரங்களையும் வைத்திருக்கிறது. இந்தச் சாதாரண வழிகள் அதைத் தொடுவதில்லை. தடயவியல்காரர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அதனால்தான்.