மாடு நடந்த தடத்தில் நீர் ஏன் தேங்குகிறது?

மழை விட்ட மறுநாள் ஊருக்கு வெளியே உள்ள மேய்ச்சல் நிலத்துக்குச் சென்று பாருங்கள். மாடுகள் அன்றாடம் நடக்கும் தடத்தில் நீர் குட்டையாகத் தேங்கியிருக்கும். மூன்றடி தள்ளி, வேலியோரத்தில் நீர் வடிந்திருக்கும். இரண்டும் ஒரே மண்தான்.

இருபுறமும் திறந்த, 500 கன செ.மீ. கொள்ளும் டப்பாவை இரண்டு இடங்களிலும் அழுத்தி மண்ணைச் சிதையாமல் எடுத்து, நன்றாக உலர்த்தி நிறுப்போம். வேலியோர மண் 600 கிராம், தடத்து மண் 800 கிராம் என்று கொள்வோம். கன செ.மீட்டருக்கு முறையே 1.2, 1.6 கிராம். ஆனால் மண்ணின் கனிமத் துகள்களுடைய அடர்த்தியோ ஏறத்தாழ 2.65! மீதி இடமெல்லாம் துளைகள். கணக்கிட்டால் வேலியோரத்தில் 55 சதவீதமும் தடத்தில் 40 சதவீதமும் துளை என்று வரும்.

"கால் பங்குக்குச் சற்று அதிகம்தானே குறைந்தது? அதற்காக நீர் இறங்காமல் நிற்பானேன்?" என்று கேட்பீர்கள். மிதிபட்டதும் முதலில் நசுங்குபவை பெரிய துளைகள். குழாயின் ஆரம் பாதியானால் அதில் பாயும் நீர் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிறது. இரத்த ஓட்டத்தை ஆராயப் புகுந்த பாய்சொய் கண்ட விதி, மேய்ச்சல் நிலத்துக்கும் பொருந்துகிறது பாருங்கள்!

300 கிலோ எடையுள்ள மாட்டின் நான்கு குளம்புகளும் சேர்ந்து 240 சதுர செ.மீ. தரையைத் தொட்டால், ஒரு சதுர செ.மீ. மீது 1.25 கிலோ எடை. நடக்கையில் இரண்டு கால்களே தாங்கும் கணத்தில் இது இரட்டிப்பாகும். உலர்ந்த மண் இதைத் தாங்கிக்கொள்ளும். ஈரமண்ணிலோ நீர் மசகு போலத் துகள்களை வழுக்கவிடுகிறது. ஆகவே மழை விட்டதும் மாட்டை மேயவிட்டால் நிலம் கெடும். கோடையில், காய்ந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதில் இத்தீங்கு குறைவு. புழுக்கை மட்கித் துகள்களை ஒட்டவைத்துப் பொலபொலப்பும் தருகிறது.

நெல்லுக்கு எல்லாம் தலைகீழ். சேற்றுழவில் துளைகளை வேண்டுமென்றே அழிக்கிறோம். கொழு எட்டும் ஆழத்துக்குக் கீழே கடினத் தட்டு உருவாகி நீரைப் பிடித்து வைக்கிறது. காவிரிப் படுகையில், நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பு ஈரத்தில் தெளிக்கும் உளுந்துக்குத்தான் தொல்லை. அதன் வேர் தட்டில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பிவிடும். கீழே ஈரம் இருந்தும் மேலே செடி வாடும்.

உளிக்கலப்பை இத்தட்டை உடைக்கும். மண் காய்ந்திருக்கும்போதே அதை ஓட்ட வேண்டும். ஈரத்தில் உளி கத்திபோலக் கீறிச் செல்லுமேயன்றித் தட்டு நொறுங்காது. ஆனால் நெல்லையே நம்பியிருக்கும் வயலில் தட்டை உடைத்துவிட்டால், அடுத்த பருவத்தில் கட்டிய நீர் நிற்காமல் இறங்கிவிடும்.