கிரகணம் பார்க்க ஜல்லிக்கரண்டி போதும்

1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணம் நம் கொங்குப் பக்கமே வந்தது. சென்னை வானாய்வகத்தின் போக்சன் அவிநாசியில் முகாமிட்டு அதைப் பார்த்தார். நமக்கு அடுத்தாற்போல் 2027 ஆகஸ்ட் 2 மாலையில் பகுதி கிரகணம் வருகிறது. 2031 மே 21 நண்பகலையொட்டி மதுரை, தேனி பக்கம் கங்கண கிரகணம், சூரியன் வளையமாகத் தெரியும். நம் ராசிபுரத்தில் பிறையாகத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடாதீர்கள்.

1. வாசலில் வெள்ளை வேட்டியை விரித்து, ஜல்லிக்கரண்டியையோ இட்லித் தட்டையோ வெயிலில் பிடியுங்கள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டிப் பிறை விழும். உயரத் தூக்கினால் பிறை பெரிதாகும். வேப்பமர நிழலிலும் இலை இடுக்குகள் இதே வேலையைச் செய்யும்.

2. முகம் பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் சுண்டைக்காய் அளவு துளை விடுங்கள். அதை வெயிலில் சாய்த்து வைத்து, ஒளியை இருட்டறைச் சுவருக்குத் திருப்புங்கள். பத்து மீட்டர் தள்ளிய சுவரில் ஏறக்குறைய ஒன்பது செ.மீ. அகலத்துக்குச் சூரியன் விழும். பாட்டி முதல் கைக்குழந்தை வரை வீடே சேர்ந்து பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. கண்ணாடிக்குள் மட்டும் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது.

3. நேரே பார்க்க ஐஎஸ்ஓ 12312-2 தரக் கிரகணக் கண்ணாடி வேண்டும். போட்டுக்கொண்டு வீட்டுக்குள் பார்த்தால் சாதாரண பல்பு தெரியக்கூடாது. கீறல் விழுந்திருந்தால் தூக்கி எறியுங்கள். 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடியும் ஆகும். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், கரி பூசிய கண்ணாடி எதுவும் ஆகாது. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துபோன பிறகுதான் பார்வை மங்குவது புரியும்.

4. மஞ்சள் தண்ணீரிலும் சாணித் தண்ணீரிலும் பார்ப்பது நம் ஊர் வழக்கம். அதில் தெரியும் பிம்பமும் கண்ணைக் கெடுக்கும், வேண்டாம்.

5. தாம்பாளத்தில் உலக்கை நிற்பது கிரகணத்தால் அல்ல. அடிப்பாகம் சமமாக இருந்தால் எந்த நாளும் நிற்கும். முந்தின நாளே பிள்ளைகளை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. கர்ப்பிணிகள் பட்டினி கிடக்க வேண்டாம், வேளைக்குச் சாப்பிடட்டும். கிரகணத்தால் சோறு கெடாது.

7. வளையத்தைப் பார்க்க மதுரைக்குப் போவதென்றால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். கரூர், திண்டுக்கல் வழிதான். கத்திரி வெயில் காலம், குடையும் மோரும் அவசியம். கோயில் நடை சாத்தும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

8. வசதியுள்ளவர்கள் முழு கிரகணத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். 2027இல் எகிப்தின் லக்சரில் ஆறு நிமிடத்துக்கு மேல் இருட்டும். 2034 மார்ச் 20 அன்று காஷ்மீர் பக்கம் வருகிறது. சூரியன் முழுக்க மறைந்த அந்த நிமிடங்களில் மட்டும் கண்ணாடியைக் கழற்றலாம். வைரம்போல் ஒரு பொட்டு மினுங்கியதும் உடனே மாட்டிக்கொள்ள வேண்டும். கங்கண கிரகணத்தில் கழற்றவே கூடாது.