குடத்துக்குள் யார் பெயர்?

காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பழைய கோயில்களையும் கல்வெட்டுகளையும் தேடிப் போய்ப் பார்ப்பது கல்லூரிக் காலம் முதல் எனக்குள்ள பழக்கம். அந்த ஆர்வத்தில், முதல் களப்பயணத்தில் ஒரே நாளில் காஞ்சி கைலாசநாதர் கோயில், வைகுந்தப் பெருமாள் கோயில், உத்திரமேரூர் என மூன்று இடங்களை மாணவர்களுக்குக் காட்டினேன். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் ‘கோயில் மிகவும் அழகாக இருந்தது’ என்ற வரிதான் இருந்தது. தவறு என்னுடையது. பார்க்கச் சொன்னேனே தவிர, எதைத் தேட வேண்டும் என்று சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு ‘ஓர் இடம், ஒரு கேள்வி’ என்று முடிவு செய்தேன். இடம், உத்திரமேரூர். கேள்வி, ‘அந்தக் காலத்தில் ஏரியை யார் பராமரித்தார்கள்?’ பெரிய ஏரியைப் பார்த்தே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு அது சொந்தக் கேள்வி.

புறப்படுமுன் இரண்டு பாடவேளைகள் ஒதுக்கினேன். முதல் வேளையில் முதலாம் பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டுகளின் (கி.பி. 919, 921) செய்தியைக் கதையாகச் சொன்னேன். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. இரண்டாம் வேளையில் எழுத்துப் பயிற்சி. கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இராது என்பதைச் சொல்லி, ட, ப போன்ற எழுத்துகளைக் கண்டுபிடிக்கப் பழக்கினேன்.

கோயில் சுவரில் ஓர் எழுத்தைக் கண்டதும் பிள்ளைகளுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்போது நெசவாளர் வீட்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், எங்க தாத்தா பேரு அந்தக் குடத்துல இருந்திருக்குமா?”

‘உலகமே வியக்கும் மக்களாட்சி’ என்று பெருமையாகச் சொல்லி வந்தவன் நான். ஒரு கணம் தயங்கினேன். பிறகு உண்மையைச் சொன்னேன்: “இருந்திருக்காது அம்மா. அது பிராமணர் ஊர்ச்சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வயது, எல்லாம் வேண்டும்.”

“அப்போ அம்மா பேரு?”

“அதுவும் இருந்திருக்காது.”

ஊர் திரும்பியதும் இதையே செயல்பாடாக்கினேன். வகுப்பில் ‘ஏரி வாரியத் தேர்தல்’ இருமுறை நடத்தினோம். முதல்முறை, கண்ணை மூடிப் பச்சைச் சீட்டு எடுத்தவர் மட்டுமே குடத்தில் பெயர் இடலாம். பெரும்பாலானோர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் முறை எல்லாப் பெயர்களும் குடத்துக்குள் சென்றன. ஓரமாக உட்கார்ந்திருந்தபோது எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னேன். ‘அழகாக இருந்தது’ என்று இம்முறை ஒருவரும் எழுதவில்லை. யாருடைய குடும்பப் பின்னணியையும் சுட்டாமல் இதை நடத்தலாம் என்பதால் சக ஆசிரியர்களும் முயன்று பார்க்கலாம்.

பிறகு இன்றைய நிலையை ஒப்பிட்டோம். 18 வயதானால் வாக்கு, 21 ஆனால் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடும் உரிமை, தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு. கணக்கைச் சபை முன் வைக்க வேண்டும் என்ற பழைய விதியின் சிறப்பையும் மறவாமல் பேசினோம். பெருமையும் குறையும் ஒரே கல்லில் இருப்பதைப் பிள்ளைகள் சிரமமின்றிப் புரிந்துகொள்கிறார்கள். தயக்கம் நமக்குத்தான்.

கடைசி வேளை எங்கள் ஏரிக்கரையில். மதகு, கலங்கல், கரை மூன்றையும் வரைந்து, கேட்க வேண்டிய கேள்விகளைக் குறித்தார்கள். அந்த மாணவியின் தாளில் இருந்த முதல் கேள்வி: ‘கிராம சபையில் ஏரிக் கணக்கைக் கேட்க அம்மா போகலாமா?’

“போகலாம்” என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.